தேங்காய் எண்ணெய் உறைஞ்ச பெடல்

வெறுங்காலை வெச்சா ஐஸ் மாதிரி சுள்ளுனு ஏறும், அந்த இரும்பு பெடல்...

எழுபதுகள்ல, மூணாறு பக்கம் சித்திரபுரம் தேயிலைத் தோட்டத்துல எங்க லயத்து வீடு. ஏழாப்போட என் படிப்பு நின்னுபோச்சு. தங்கச்சிய பாத்துக்க ஆள் இல்ல. யார் எதிர்ல வந்தாலும் கதவுக்குப் பின்னாடி போயிடற ஆள் நான்.

வேற எஸ்டேட்டுக்கு மாறிப்போன ஒரு குடும்பத்துக்கிட்ட இருந்து அம்மா பழைய தையல் மிஷின் வாங்கினாங்க. வாங்கின அன்னிக்கே சொல்லிட்டாங்க.

"பொங்கலுக்குள்ள ரெண்டு ஜாக்கெட்டாவது தெச்சுக் காட்டு. இல்லன்னா கொழுந்தெடுக்க உன் பேரைக் குடுத்துருவேன்."

கொழுந்தெடுக்கறதுகூட பரவாயில்ல. முப்பது பேரு நடுவுல நிக்கணுமே... அதான் பயம்.

ஆனா பெடல் அசையல. தேங்காய் எண்ணெய் விட்டேன். மத்தியானம் வெயில் வந்தா கொஞ்சம் ஓடும். விடிஞ்சா மறுபடி கல்லு. இன்னும் விட்டேன். இன்னும் இறுகுச்சு.

ஒரு நாள் காலையில தலைக்குத் தேய்க்க எண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வெச்சேன். உள்ள வெள்ளையா உறைஞ்சு கிடக்கு. மார்கழி குளிர்ல தினமும் பாக்கறதுதான்...

பெடலுக்குள்ளயும் இதத்தானே ஊத்திருக்கேன்!

காலி பாட்டிலை எடுத்துக்கிட்டு மிஷின் எண்ணெய் கேக்க டீ ஃபேக்டரிக்குப் போனேன். அங்க மிஷின் ரிப்பேர் பாக்கற ஃபிட்டர் அண்ணன் முன்னாடி நின்னு நீட்டுனேன். பேச்சு வரல.

"எண்ணெய் மிஷினுக்கா புள்ள, உன் வாய்க்கா?"

சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. காது சுட்டுச்சு. ஆனா நகரல. எண்ணெய் ஊத்திக் குடுத்துட்டு, நானே வந்து பாக்கட்டான்னார்.

"ஸ்பானர் மட்டும் குடுங்கண்ணா."

அன்னிக்கு நான் பேசினது அவ்வளவுதான்.

பெல்ட்டைக் கழட்டி, பெடல் நிக்கிற ரெண்டு ஸ்குரூவையும் எடுத்தேன். உள்ள மெழுகு மாதிரி அழுக்கு. சீமெண்ணெயில கோழி இறகைத் தொட்டுத் தொட்டு, இரும்பு பளபளக்கற வரை துடைச்சேன். அப்புறம் பக்கத்துக்கு ரெண்டே சொட்டு மிஷின் எண்ணெய். ரொம்ப முறுக்கினா இறுகுது, விட்டா ஆடுது... நாலஞ்சு தடவை மாட்டிக் கழட்டினேன்.

மறுநாள் விடியக்காலைல காலை வெச்சேன். ஓடுச்சு.

போகிக்கு முன்னாடி மூணு ஜாக்கெட். அம்மா மூணாவதைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "கை கொஞ்சம் இறுக்கம்"னாங்க. பேரு குடுக்கல.

இப்ப கோயம்புத்தூர்ல இருக்கோம். ரிட்டயர் ஆன எங்க வீட்டுக்காரர் கம்ப்யூட்டர் கேம்ல ப்ளேன் ஓட்டறார். அதுக்குக் காலால மிதிச்சு ப்ளேனைத் திருப்பற ரடர் பெடல் வேற. போன வாரம் அது இறுகிப்போய், ப்ளேன் ரன்வேய விட்டுப் புல்லுல ஓடுது. மேல மேல எண்ணெய் விட்டிருக்கார்.

"பழச துடைச்சீங்களா?"

"இது உன் தையல் மிஷின் இல்லம்மா."

நானே கடைக்குப் போய், பிளாஸ்டிக்குக்கு ஒத்துக்கற கிரீஸ்தான் வேணும்னு நாலு பேர் முன்னாடி கேட்டு வாங்கினேன். கழட்டினா தூசி, முடி, பிசுக்கு... இதுக்கு சீமெண்ணெய் ஆகாது, துணியாலயே துடைச்சு, லேசா தடவி மாட்டிட்டேன்.

அவர் பெடலை மிதிச்சுப் பாத்தார். ப்ளேனை நேரா மூணாறு மேல கொண்டுபோனார்.

எங்க லயம் தெரியுதான்னு குனிஞ்சு பாத்தேன். வெறும் பச்சை...

நாற்காலிக்குக் கீழ என் கால் ரெண்டும் தானா மிதிச்சிட்டிருந்துச்சு.