படுக்கை மீண்டும் நனைந்தபோது

அவரை எல்லாரும் சொட்டண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். குழாய் வேலை செய்கிறவர். யார் வீட்டுக்குப் போனாலும், எங்கேயாவது தண்ணீர் சொட்டும் சத்தம் காதில் விழுந்துவிட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. மாமனார் வீட்டுக்கு முதன்முதலில் போன அன்றே பேச்சுப் பாதியில் எழுந்து, சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை நுழைத்துவிட்டவர். அதைச் சொல்லிச் சொல்லி அவர் மனைவி இன்றும் சிரிப்பாள்.

அவளுக்கு பேக்கரியில் வேலை. விடிவதற்கு முன்பே மாவு பிசையப் போய்விடுவாள். அதனால் மகளை எழுப்புவது, கழுவுவது, உடுத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. மகளுக்கு மூன்று வயது தாண்டியிருந்தது. வீட்டில் சிட்டு என்று பெயர். பகலில் டயப்பர் விட்டாகிவிட்டது, இரவில்தான் இன்னும். தொடையிடுக்கெல்லாம் சிவந்துபோவதைப் பார்த்து, இதையும் நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தவர் அவர்தான்.

அவசரப்படவில்லை. மெத்தைமேல் பிளாஸ்டிக் விரிப்பு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்றுக்குப் போக ஒரு குட்டி பேசின், படுக்கும் முன் ஒரு தடவை, கதை சொல்லி முடித்ததும் இன்னொரு தடவை. நனைத்தால் திட்டு கிடையாது. "பரவால்ல, அடுத்த தடவ சொல்லு" என்பதோடு சரி. மெல்ல மெல்ல விரிப்பு காய்ந்தே இருக்க ஆரம்பித்தது. சிட்டு காலையில் எழுந்ததும் படுக்கையைத் தானே தட்டிப் பார்த்து, "நனையல!" என்று கூவுவாள். மீதியிருந்த டயப்பர் கட்டை அவர் அடுத்த வீட்டுக் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிட்டார். வேலைக்குப் போன வீடுகளில் எல்லாம் இதே பேச்சு. "ஊர் ஒழுகல நிறுத்துறவனுக்கு வீட்டு ஒழுகல நிறுத்தத் தெரியாதா?"

மழைக்காலம் முடிகிற நேரத்தில் படுக்கை மறுபடி நனைந்தது.

முதல் நாள் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாளும் நனைந்தது. அதற்குப் பிறகு நனையாத நாளே இல்லை. அதுவும் முன்போல ஒரு வட்டம் அல்ல. தலையணைவரை ஊறி, விரிப்பின் ஓரத்தில் வழிந்து, கட்டிலுக்கடியில் தேங்கிக் கிடந்தது. காய்ந்த இடத்தில் தரை பிசுபிசுவென்று காலில் ஒட்டியது. எறும்புகள் சாரை சாரையாக வந்தன. கதவிடுக்கில் மருந்துப்பொடி தூவிவிட்டு அவர் வேலைக்குப் போனார்.

"வேணும்னே பண்றாளோ?" என்று மனைவியிடம் கேட்டார்.

"சின்னப் புள்ளைங்க. ஏதாவது பயந்திருக்கும்" என்றாள் அவள். கண்ணைத் திறந்து வைத்திருக்கவே அவளால் முடியவில்லை. அன்று இரட்டை வேலை.

அடுத்த தெருவில் இருந்த அவருடைய அக்காவுக்கு இதில் குழப்பமே இல்லை. "என் புள்ளைங்க ரெண்டு வயசுலயே நிறுத்திட்டாங்க. இருட்டுனதுக்கப்புறம் தண்ணி குடுக்காத, அவ்வளவுதான். உள்ள போனாத்தானே வெளிய வரும்?"

குழாய்க்காரருக்கு அது நியாயமாகவே பட்டது.

அன்று மாலையிலிருந்து தண்ணீரை நிறுத்தினார். சிட்டு கேட்டாள். பிறகு கெஞ்சினாள். "ஒரு வாய்ப்பா. ஒரே ஒரு வாய்." அவர் கதை சொன்னார், தூக்கிக்கொண்டு நடந்தார், முதுகைத் தட்டினார். தட்டும்போது உள்ளங்கையில் எலும்பு தட்டுப்பட்டது. பாவாடை இடுப்பில் நிற்காமல் வழுக்கியது. உயரமாகிறாள், அதுதான் இளைக்கிறாள் என்று பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். அவரும் அதையே சொல்லிக்கொண்டு பாவாடை நாடாவை இழுத்து முடிந்தார்.

பாலர் பள்ளி டீச்சர் ஒரு நாள் வாசலிலேயே நிறுத்தினார். "உங்க பொண்ணு மத்த பசங்க பாட்டில எல்லாம் எடுத்துக் குடிக்கிறா. கேட்டா அழுறா. விளையாடக் கூப்பிட்டா சுருண்டு படுத்துக்கிறா. உடம்புக்கு ஒண்ணும் இல்லயே?"

அவருக்கு முகம் சுருங்கிப்போயிற்று. வீட்டில் தண்ணீர் கொடுக்காததால்தான் பிள்ளை திருடிக் குடிக்கிறது என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டதோ என்ற கூச்சம். உடம்பைப் பற்றிக் கேட்ட கேள்வி அந்தக் கூச்சத்தில் அமுங்கிப்போனது. "நல்லாத்தான் இருக்கா" என்று சொல்லி அவளை இழுத்துக்கொண்டு நடந்தார்.

அன்று மாலை மனைவி இரட்டை வேலை முடிந்து திரும்பியிருக்கவில்லை. சிட்டு சத்தமில்லாமல் இருந்தாள். தேடிப்போனவர் குளியலறை வாசலில் நின்றுவிட்டார். துணி ஊறப்போட்டிருந்த வாளியின் விளிம்பில் வாயை வைத்து அவள் அந்தச் சோப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் நிறுத்தவில்லை. குடித்துக்கொண்டே கண்ணை மட்டும் உயர்த்திப் பார்த்தாள்.

வந்த பயத்தை அவர் ஒத்துக்கொள்ளவில்லை; கோபமாக்கிக்கொண்டார். வாளியைக் கவிழ்த்தார். பையிலிருந்து ஸ்பானரை எடுத்து, குளியலறைக்கு வரும் பைப்பின் வால்வைத் திருகி மூடினார். சமையலறைக் கதவைச் சாத்திப் பூட்டினார். மகள் அழுதாள்; அழுகையில் கண்ணீர் வரவில்லை. அதைக் கவனித்தார். கவனித்துவிட்டு விளக்கை அணைத்தார்.

காலையில் படுக்கை ஊறிக் கிடந்தது.

அவர் விரிப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். மெயின் வால்வை அடைத்த பிறகும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் அவர் தொழிலில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நாம் அடைத்தது வேறு, உடைந்தது வேறு. நேற்று வாளியைக் கவிழ்த்ததிலிருந்து ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. பின்னே இவ்வளவும் எங்கிருந்து வந்தது?

"சிட்டு. எந்திரிம்மா."

அவள் எழவில்லை. கண் பாதி திறந்திருந்தது. ஓடிக் களைத்தவள் மாதிரி நெஞ்சு ஆழமாக, வேகவேகமாக ஏறி இறங்கியது. குனிந்தபோது அவள் மூச்சில் அழுகத் தொடங்கிய பழத்தின் வாடை அடித்தது. உதடு வெடித்திருந்தது.

அவளைப் போர்வையோடு அள்ளிக்கொண்டு செருப்புப் போடாமலே தெருவில் ஓடினார். பால் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார்.

மருத்துவமனையில் நர்ஸ் சிட்டுவின் விரலைக் குத்தி ஒரு துளி எடுத்துச் சின்னக் கருவியில் வைத்தாள். அதில் எண் வரவில்லை. அளக்க முடியாத அளவுக்கு ஏறியிருக்கிறது என்று யாரையோ கத்திக் கூப்பிட்டாள். ஊசி ஏற்ற நரம்பு தேடிக்கொண்டே, "தண்ணி நெறைய குடிப்பாளா?" என்று கேட்டாள்.

"கேப்பா" என்றார் அவர். "நான் குடுக்கல."

டாக்டர் வெளியே வந்து சொன்னார். "சர்க்கரை நோய். சின்னப் பிள்ளைங்களுக்கு வர்ற வகை. ரத்தத்துல சர்க்கரை மிஞ்சிப் போச்சுன்னா உடம்பு அத மூத்திரத்துலதான் வெளிய தள்ளும். தண்ணியும் கூடவே போயிடும். போனத ஈடுகட்டத்தான் அவ்வளவு தாகம்."

"நான் தண்ணிய நிறுத்தினதாலயா டாக்டர்?"

"நோய் அதனால வரல. ஆனா உடம்பு ரொம்ப வறண்டிருக்கு. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தீங்கன்னா... இன்னைக்கு ராத்திரி தாண்டட்டும்."

மனைவி மாவு ஒட்டிய கையோடு வந்து சேர்ந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். வால்வை மூடியதையும் சொன்னார்.

"காலைல கெளம்பும்போது பாத்ரூம்ல தண்ணி வரல" என்றாள் அவள் மெதுவாக. "மெயின்ல ஏதோன்னு நெனச்சேன். உங்கள எழுப்பிக் கேக்கல. அவளயும் தொட்டுப் பாக்கல. அப்படியே போயிட்டேன்." இருவரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சொட்டுச் சொட்டாக மருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு சொட்டு நின்றுவிடக் கூடாதே என்று அவர் கும்பிட்டார்.

சிட்டு பிழைத்தாள். தினமும் இன்சுலின் ஊசி, விரல் குத்து, அளந்து சாப்பாடு, ஆயுசுக்கும் இதுதான். கொஞ்ச நாளைக்கு இரவில் டயப்பர் போட்டுவிடுங்கள், இப்போது அதுவா முக்கியம் என்றார்கள். அவர் கடைக்குப் போய் ஒரு பெரிய கட்டு வாங்கி வந்தார்.

அக்கா வந்து வாசற்படியிலேயே அழுதாள். "நான் வாய வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்டா."

"நீ சொன்ன. அவ்வளவுதான் அக்கா. மூடுனது நான்."

சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் நனைப்பது தானாகவே நின்றது. யாரும் எதுவும் பழக்கவில்லை. ஆனால் நிம்மதி வரவில்லை. சர்க்கரை ஏறினால் படுக்கை நனையும். ரொம்ப இறங்கினால் பிள்ளை சத்தமே இல்லாமல் மயங்கிக் கிடக்கலாம் என்று மருத்துவமனையில் எச்சரித்து அனுப்பியிருந்தார்கள். காலையில் மனைவி போன பிறகு அவர் போர்வைக்குள் கையை விட்டு விரிப்பைத் தடவுவார். காய்ந்திருக்கும். சிட்டு அசையாமல் கிடப்பாள். உடனே அவள் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

"கூசுதுப்பா, போ" என்று அவள் கையைத் தட்டிவிடும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு நகர்வதில்லை.