ஒரு படத்துக்கு மட்டும் காப்பி

இன்று கல்லறைத் திருநாள். ஊரில் இந்நேரம் தங்கச்சி அம்மாவின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருப்பாள். நான் துபாய் அல் கூஸில், ஒரு மெக்சிகோ உணவகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மெக்சிகோக்காரர்களுக்கும் இதே நாள்தான். சுவரோரம் செவ்வந்தி பரப்பிய மேசையில், இங்கே வேலை பார்ப்பவர்கள் தங்கள் வீட்டில் இறந்தவர்களின் படங்களை வைத்திருக்கிறார்கள். வெகுதூரம் வரும் ஆத்மாக்களுக்குத் தாகம் எடுக்குமாம். அதனால் படத்துக்குப் படம் ஒரு தம்ளர் தண்ணீர். ஒன்றின் முன்னால் மட்டும் கட்டன் காப்பி.

"அது எங்க அப்பா," என்கிறார் சோளரொட்டி கொண்டுவந்த குளச்சல்காரர் அந்தோணி.

"தண்ணி வைக்கலியா?"

ஆறிப்போன காப்பியை எடுத்துவிட்டுச் சூடாக வேறு வைக்கிறார்.

"கடல்ல போனாவ அண்ணே. உடம்பு கெடைக்கல, ஊர்ல கல்லறையும் இல்ல. அவியளுக்குப் போய் தண்ணிய எப்படி வைக்க?"