சாம்பியன், உரிகம், கோரமண்டல்

போன ஞாயிற்றுக்கிழமை ஆண்டர்சன்பேட்டையில் வாங்கி வந்த கொய்யாவை நறுக்கி மிளகாய்த்தூளும் உப்பும் தடவிக்கொண்டிருந்தேன். முன்னறையில் என் மகள் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கிறாள் என்பது அவள் சொல்வது. ஒரு கண் புத்தகத்தில், இன்னொரு கண் செல்லில். புது ஷூ ஆர்டர் போட்டிருக்கிறாள், பார்சல் வந்தபாடில்லை, அந்தக் கவலை அவளுக்குப் பாடத்தைவிடப் பெரிது. "நவுன் ஃப்ரேஸ், வெர்ப் ஃப்ரேஸ், பிரப்பொசிஷனல் ஃப்ரேஸ்" என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்துக்கொண்டிருந்தாள். மூக்கில் கொய்யா வாசனை, காதில் ஃப்ரேஸ். இந்த இரண்டும் ஒன்றாக வந்துவிட்டால் நான் வீட்டில் இருக்கமாட்டேன். சாம்பியன் ஸ்டேஷனில், பெண்கள் பெட்டி வந்து நிற்கிற இடத்தில் நிற்பேன்.

எங்கள் ரயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். தங்கச் சுரங்கத்தை மூடின பிறகு கோலார் தங்கவயலில் வேலை என்றால் அந்த ரயில்தான். விடியுமுன் ஏறி பெங்களூர் போவது, பொழுது சாய்ந்து வந்து இறங்குவது. எங்கள் அப்பாக்கள் ஷிஃப்டுக்குக் கேஜில் இறங்கினார்கள். கேஜ் என்றால் ஆட்களைச் சுரங்கத்துக்குள் இறக்கி ஏற்றுகிற இரும்புக் கூண்டு. நாங்கள் ரயிலில் ஏறினோம். மற்றபடி பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை, அவர்களும் வெயிலைப் பார்க்கவில்லை, நாங்களும் பார்க்கவில்லை.

பெட்டியில் இடம் பிடிப்பது முனியம்மா அக்காவின் பொறுப்பு. அக்கா பெங்களூரில் ஏதோ ஒரு பெரிய ஆபீசைத் துடைத்துப் பெருக்குகிற வேலையில் இருந்தார். ரயில் கிளம்புகிற மாரிக்குப்பத்திலேயே ஏறிவிடுவதால் சீட்டு முழுக்கத் தன் துண்டை நீளமாக விரித்துவிடுவார். ஒரே துண்டுதான். அடுத்த ஸ்டேஷனான சாம்பியனில் நாங்கள் ஒரு கும்பல் ஏறி, இடித்துப் பிடித்து அந்தத் துண்டின் மேல் உட்கார்ந்துகொள்வோம். யாராவது சண்டைக்கு வந்தால் அக்கா, "இது ஒரே எடம்மா, துண்டப் பாத்துக்கோ" என்பார். அந்த நியாயம் எந்தக் கோர்ட்டில் செல்லுமோ தெரியாது, எங்கள் பெட்டியில் செல்லும். உட்கார்ந்த கையோடு அக்காவின் பையிலிருந்து மிளகாய்த்தூள் தடவின கொய்யா ஆளுக்கொரு கீற்று வரும்.

அப்போது நான் பார்சல் கம்பெனி ஒன்றில் விலாசம் டைப் அடிக்கிற வேலையில் இருந்தேன். ஒருநாள் எங்களை எல்லாம் கூட்டி நிற்க வைத்து, டைப்பிங் செக்ஷனை எடுத்துவிடப்போகிறோம் என்றார்கள். டெஸ்ட் வைப்பார்களாம். இங்கிலீஷில் பேச வருகிறவர்கள் போன் செக்ஷனுக்குப் போகலாம், வராதவர்கள் வீட்டுக்குப் போகலாம். வீட்டுக்கு வருகிற சம்பளம் என்னுடையது ஒன்றுதான். அது நின்றால் சாம்பியனில் சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த லைன் வீட்டைப் பூட்டிவிட்டு, பெங்களூரில் சித்தப்பா வீட்டு மாடியில் போய் ஒண்டவேண்டும். அப்பா வரமாட்டார். சுரங்கம் மூடியும் ஷிஃப்டு நேரத்துக்கு எழுந்து உட்காருகிற மனுஷன், அந்த மண்ணைவிட்டு எங்கே வருவார்?

நான் தமிழ் மீடியம். ஆனால் இங்கிலீஷ் தெரியாது என்று யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். படிப்பேன், தப்பில்லாமல் டைப் அடிப்பேன். வாயைத் திறந்தால்தான் வம்பு. 'தி' என்று ஆரம்பிப்பேன். அப்புறம் அடுத்த வார்த்தையைத் தேடுவேன், பைக்குள் சாவி தேடுகிற மாதிரி. மூன்றாவது வார்த்தை கிடைக்கும்போது முதல் வார்த்தை எங்கேயோ போயிருக்கும்.

என்னை அந்தக் கதியில் விடமாட்டேன் என்று நின்றவள் ஸ்டெல்லா. அவள் எனக்கு அடுத்த லைனில் இருந்தாள், என் வயதுதான். பல் டாக்டர் ஒருவரிடம் ரிசப்ஷனில் வேலை. சர்ச் பாட்டுக் கோஷ்டியில் இங்கிலீஷ் பாட்டு அப்படிப் பாடுவாள். பேசச் சொன்னால் அவளுக்கும் கொஞ்சம் நடுங்கும். "பாட்டா பாடிடுடீ" என்றால், "பல்லு புடுங்க வந்தவன் எழுந்து ஓடிடுவான்" என்பாள். அவள் நடைபாதைக் கடையில் ஒரு பழைய கிராமர் புத்தகத்தை வாங்கி வந்தாள். அட்டை இல்லை, முதல் பாடமே இல்லை, பிரித்தால் ஃப்ரேஸ், அதாவது சொற்றொடர்ப் பாடம்தான். அதனால் நாங்கள் அங்கிருந்தே ஆரம்பித்தோம்.

முதல்நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஸ்டெல்லா கொஞ்சநேரம் புத்தகத்தைப் பார்த்தாள், பிறகு நாங்கள் உட்கார்ந்திருந்த துண்டைப் பார்த்தாள்.

"இத பாரு. நாம இத்தினி பேர் குந்திக்கினு கீறோம். அக்கா இன்னா சொல்றாங்க? ஒரே எடம். அதாம்மே ஃப்ரேஸ். வார்த்த எத்தினி இருந்தாலும் எடம் ஒன்னு, வேல ஒன்னு."

எனக்குப் பளிச்சென்று ஆனது அங்கேதான். 'என் பக்கத்து வீட்டுக் குண்டு சிவப்புக் கோழி' என்று எத்தனை வார்த்தை சேர்த்தாலும், 'அது' என்கிற ஒற்றை வார்த்தை உட்காருகிற இடத்தில்தான் அத்தனையும் உட்கார்ந்திருக்கிறது. அப்படியானால் நான் ஏன் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடிச் சாகவேண்டும்? கும்பலாகவே கூட்டி வந்து உட்கார வைத்துவிடலாமே!

அப்படிப் பிறந்ததுதான் எங்கள் ஸ்டேஷன் ஆட்டம். ரயில் சாம்பியனைவிட்டு நகர்வதற்குள் ஒருத்தி நவுன் ஃப்ரேஸ் சொல்லவேண்டும், யாரைப் பற்றிப் பேச்சு என்று. சொன்னதும் ஸ்டேஷன் பேரைக் கத்தி அடுத்தவளிடம் தள்ளிவிட வேண்டும். உரிகத்தில் அந்த ஆளுக்கு ஒரு அடையாளம். கோரமண்டலில் வெர்ப் ஃப்ரேஸ், அது என்ன செய்கிறது என்று. பங்காருபேட்டையில் பெரும் கூட்டம் ஏறிவிடும், அதற்குள் எங்கே, எப்படி, எப்போது என்று சொல்லி வாக்கியத்தை முடித்துவிட வேண்டும்.

"மை நெய்பர்ஸ் ஃபேட் ரெட் ஹென், சாம்பியன்!"

"வித் தி புரோக்கன் லெக், உரிகம்!"

"ஹேஸ் பீன் ஸ்லீப்பிங், கோரமண்டல்!"

"வெரி பீஸ்ஃபுல்லி, அண்டர் மை ஃபாதர்ஸ் காட்!"

கால் உடைந்த கோழி எங்கப்பா கட்டிலுக்கடியில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. எங்கள் முதல் முழு வாக்கியம் இதுதான். வாயில் கொய்யா வேறு இருந்ததால் எவள் என்ன உளறினாள் என்று கடவுளுக்குத்தான் தெரியும், ஆனாலும் பெட்டியே திரும்பிப் பார்த்தது. 'வித்' போட்டு வந்ததும் 'அண்டர்' போட்டு வந்ததும் ஒரே ஜாதி, பிரப்பொசிஷனல் ஃப்ரேஸ்தான், ஆனால் ஒன்று எந்தக் கோழி என்று காட்டுகிறது, இன்னொன்று எங்கே தூங்குகிறது என்று சொல்கிறது. அது எப்படி என்று நான் ஸ்டெல்லாவைக் குடைந்தேன். "அக்கா ஆபீஸ்ல தொடைக்கிறாங்க, ரயில்ல மகாராணி. அதே அக்காதானே? எங்க குந்துதோ அந்த வேல" என்றாள். அக்காவுக்கு மகாராணி என்ற சொல் மட்டும் காதில் விழுந்து அன்றைக்கு ஆளுக்கொரு முழுக் கொய்யா கிடைத்தது.

முனியம்மா அக்காவுக்கு இங்கிலீஷ் சுத்தமாகத் தெரியாது. ஆனால் ஆட்டத்தில் சேராமல் இருக்கவும் முடியாது, துண்டு அவருடையது. அதனால் அவரையே தீர்ப்பு சொல்ல வைத்தோம். அவர் வீட்டுக்காரர் சாம்பியன் சுரங்கத்தில் இருந்தவர். ஷிஃப்டு முடிந்து கேஜ் மேலே வந்ததும் காத்திருந்தவர்கள் "ஏறிடுச்சி!" என்பார்களாம். அதையே அக்கா எங்கள் வாக்கியத்துக்கும் வைத்துவிட்டார். முடிந்தால், "ஏறிடுச்சி!" முடியவில்லை என்றால், "இன்னும் தொங்கிக்கினு கீது, இன்னா ஆச்சின்னு சொல்லுங்கடீ!" ஸ்டெல்லாவின் முகத்தைப் பார்த்துதான் தீர்ப்பு. பாதி நாள் தப்பாகத்தான் இருக்கும், பங்காருபேட்டையில் வடைக்காரன் ஏறப்போகிறான் என்றால் தொங்குகிற வாக்கியத்தையும் "ஏறிடுச்சி, ஏறிடுச்சி" என்று முடித்துவிடுவார். ஆனால் அந்த ஒரு சத்தத்துக்காக நான் எதையும் பேசத் தயாராக இருந்தேன்.

வீட்டில் சமைக்கும்போதும் விடவில்லை. அரிசி களைந்தால் ஒரு ஃப்ரேஸ், உலை வைத்தால் ஒரு ஃப்ரேஸ். அப்பா பார்த்துவிட்டு, "இன்னாமே, கோழியப் பத்தி தொரைமாருங்ககிட்ட மனு குடுக்கப் போறியா?" என்றார். இந்த வீட்டைவிட்டு உன்னைக் கிளப்பமாட்டேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு குழம்பைக் கிண்டினேன். டெஸ்ட் அன்றைக்கு நான் செருப்பு மாட்டும்போது அவர் வாசல்வரை வந்தார். ஷிஃப்டுக்குப் போகிறவரிடம் எங்கள் லைனில் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொன்னார். "நல்லபடியா மேல வா."

டெஸ்ட் என்பது ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு போன். அடுத்த அறையில் ஒரு அதிகாரி உட்கார்ந்து கோபக்காரக் கஸ்டமராக நடிப்பார். போன் அடித்தது, எடுத்தேன். "வேர் இஸ் மை பார்சல்?" என்று ஒரு கத்தல். மனுஷன் நடிக்கிறான் என்று தெரியும், ஆனாலும் நாக்கு ஒட்டிக்கொண்டது. "தி..." என்றேன். பழைய வியாதி. "தி..." கண்ணை மூடினேன். முனியம்மா அக்காவின் துண்டு தெரிந்தது. கும்பலாக வா என்று வார்த்தைகளைக் கூப்பிட்டேன்.

"தி பிரவுன் பார்சல், சாம்பியன்! வித் யுவர் நேம் ஆன் இட், உரிகம்! ஹேஸ் பீன் வெயிட்டிங், கோரமண்டல்! இன் அவர் பெங்களூர் ஆபீஸ், சின்ஸ் எஸ்டர்டே ஈவினிங்!"

அந்தப் பக்கமிருந்து அவர் மெதுவாகக் கேட்டார், பார்சல் பெங்களூரில் இருக்கிறதா, கோரமண்டலுக்குப் போய்விட்டதா என்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அட பாவி, ஸ்டேஷன் பேரையெல்லாம் சேர்த்துக் கத்தியிருக்கிறேன்! காது மடலெல்லாம் எரிந்தது. போனை வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. ஓடினால் எங்கே ஓடுவது, சித்தப்பா வீட்டு மாடிக்கா? மாட்டேன். போனை இறுக்கிப் பிடித்தேன்.

"சார், தோஸ் ஆர் மை ரயில்வே ஸ்டேஷன்ஸ். ஐ லேர்ன்ட் இங்கிலீஷ் இன் தட் டிரெய்ன், வித் மை ஃபிரெண்ட்ஸ். ப்ளீஸ் கிவ் மீ ஒன் மோர் சான்ஸ். ஐ வில் சே இட் அகெய்ன், வித்தவுட் எனி ஸ்டேஷன்."

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன், இதற்கு எந்த ஸ்டேஷனும் தேவைப்படவில்லை. ஒரு இடத்தில்கூட நிற்காமல் வந்திருந்தது. பார்சலைப் பற்றியும் மறுபடி சொன்னேன், நேராக, மூச்சு விடாமல். அவர் சிரித்தார். கோபக்காரக் கஸ்டமர் சிரிக்கக்கூடாது, ஆனால் சிரித்தார். திங்கட்கிழமையிலிருந்து போன் செக்ஷனுக்கு வா என்றார்.

மறுநாள் ரயிலில் நான் வாயைத் திறக்குமுன்பே அக்கா என் முகத்தைப் பார்த்து, "ஏறிடுச்சி!" என்று கத்தினார். ஸ்டெல்லா அழுதாள், நானும் அழுதேன். அப்பா கடைசிவரை அந்த லைன் வீட்டில்தான் இருந்தார். நான் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறேன்.

ஸ்டெல்லா கல்யாணமாகி ஹைதராபாத் போய்விட்டாள். முனியம்மா அக்கா போய்ச்சேர்ந்துவிட்டார். நான் வேறு ஆபீஸ் மாறிவிட்டேன், ரயில் மாறவில்லை. பெட்டியில் இப்போது ஆளுக்கொரு இயர்போன். துண்டு விரித்தால் சீட்டு என்ன உன் அப்பன் வீட்டுதா என்று கன்னடத்தில் கேட்கிறார்கள், அதுவும் நியாயம்தான். சாம்பியன் வருகிறது, உரிகம் வருகிறது, கோரமண்டல் வருகிறது, யாரும் எதையும் கத்துவதில்லை.

கொய்யாத் தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். மகள் பார்சல் கம்பெனிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். நான் பேசின அதே கம்பெனி. போன் செக்ஷனையும் எடுத்துவிட்டார்கள், இப்போது மிஷின்தான் பேசுகிறது. அதுவும் எங்களைப் போலவேதான், துண்டு துண்டாகச் சேர்த்து வைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் நடுவில் நின்று நின்று பேசியது.

"யுவர் பார்சல்..."

"சாம்பியன்" என்றேன்.

"ஃப்ரம் பெங்களூர்..."

"உரிகம்."

"ஹேஸ் பீன் டிஸ்பேட்ச்டு..."

"கோரமண்டல்."

"திஸ் மார்னிங்."

மகள் வாயைப் பிளந்து பார்த்தாள். "அம்மா, யார்கிட்ட பேசுற? அது மிஷின்மா."

மிஷின் சொல்லி முடித்துவிட்டது. நான் காத்திருந்தேன். எதற்குக் காத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்ல அந்தப் பக்கம் யாரும் இல்லை என்பதும் தெரியும். தட்டைக் கீழே வைத்தேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி நானே கத்தினேன்:

"ஏறிடுச்சி!"