பறக்கும் நேரம் நாலு மணி

அப்பா வியாழக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்தார். அண்ணன் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருந்தான். மறுநாள் காலை பத்து மணி விமானத்தில் டிக்கெட் கிடைத்துவிட்டதென்று போன் செய்தான். அவன் வந்து முகம் பார்க்க வேண்டும், கொள்ளி வைக்க வேண்டும். வீட்டில் வேறு பேச்சே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து, எப்போது எடுப்பது என்று பேசினார்கள்.

"இன்னைக்கே எடுத்துடணும். நாளைக்கு சனிக்கிழம. சனிப் பொணம் தனியா போவாது," என்றார் சித்தப்பா.

"அதுக்குத்தான் பாடையில கோழி கட்றாங்களே. நாமளும் கட்டிக்கலாம், புள்ள வரட்டும்," என்றாள் அத்தை.

சித்தப்பா என்னைப் பார்த்தார். "நீ சொல்லும்மா, படிச்சவ. எத்தன மணிக்கு வருவான்?"

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். ரேஷன் கார்டிலிருந்து ஆஸ்பத்திரி சீட்டு வரை என்னிடம்தான் வரும். நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. அது எனக்குப் பிடிக்கும். அன்றைக்கும் பிடித்திருந்தது. போனில் தேடினேன். சிங்கப்பூரிலிருந்து சென்னை கிட்டத்தட்ட மூவாயிரம் கிலோமீட்டர், பறக்கும் நேரம் நாலு மணி. சென்னையிலிருந்து திருவண்ணாமலை இருநூறு கிலோமீட்டர், காரில் அதுவும் நாலு மணி. அங்கே கடிகாரம் நமக்கு இரண்டரை மணி முன்னால் ஓடும் என்பதைக்கூட மறக்காமல் கழித்தேன்.

"மூணரைக்கு வீட்ல இருப்பான்."

"கடல் தாண்டி வர்றவன, கீழ்பென்னாத்தூர்ல டவுன் பஸ் ஏறி வர்ற மாதிரி சொல்றா பாரு," என்றாள் அத்தை.

"உனக்கு இன்னா தெரியும் அத்தை? போன்லயே போட்டிருக்கு."

ஐந்து மணிக்கு எடுப்பதென்று முடிவானது. மேளத்துக்கும் சுடுகாட்டுக்கும் சொல்லி அனுப்பினார்கள்.

விமானம் சொன்ன நேரத்துக்கு இறங்கியது. மூன்று மணிக்கு அண்ணன் செஞ்சியிலிருந்து பேசினான்.

"வண்டி நவுரவே இல்ல. எல்லாரும் மலை சுத்த வர்றாங்க. இன்னைக்கு பௌர்ணமியா?"

கிரிவலப் பாதையில் இருபது வருடம் இளநீர் விற்றவர் அப்பா. பௌர்ணமி எப்போது என்று எங்கள் வீட்டில் யாரும் காலண்டரைப் பார்த்ததில்லை. முந்தின நாளே வாசலில் லோடு இறக்கிவிடுவார். அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். இந்த மாதம் லோடு இறங்கவில்லை.

ஐந்து மணிக்குக் காரை ஊருக்கு வெளியே, தற்காலிகப் பேருந்து நிலையத்தோடு போலீஸ்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கூட்டத்துக்குள் நடந்து வருவதாகச் சொன்னான். அதற்குள் அப்பாவைக் குளிப்பாட்டி, கோடித்துணி போட்டு, பாடையில் ஏற்றியாகிவிட்டது. ஏற்றியவரை இறக்கக்கூடாது, பொழுது சாய்ந்தபின் எடுக்கவும் கூடாது என்றார்கள். ஆறு மணி வரை சித்தப்பா தெருமுனையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கொள்ளிச்சட்டியை அவரே கையில் எடுத்துக்கொண்டார்.

பெண்கள் தெருமுனையோடு திரும்பினோம். வீட்டைக் கழுவிவிட்டு நான் துடைப்பத்தோடு நின்றபோது அண்ணன் வாசலுக்கு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஈரத் தரையைப் பார்த்தான். பையைப் போட்டுவிட்டுச் சுடுகாட்டுக்கு ஓடினான். அவன் போய்ச் சேர்ந்தபோது தீ நன்றாகப் பிடித்திருந்தது.

அத்தை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கருமாதி முடிந்து அவன் திரும்பிப் போகும் நாளில் நானே பேச்சை எடுத்தேன்.

"நான் சனிக்கிழமன்னு சொல்லியிருக்கணும்ண்ணா. கோழி கட்டி எடுத்திருப்பாங்க."

அவன் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"நீ சொன்னது சரிதான். பிளேன் நாலு மணி நேரத்துல வந்துடுச்சு," என்றான்.