நாங்களே கூப்பிடுறோம்

ஜாஸ்மினுக்கு வேலை என்னவோ புடவை விற்பதுதான். தாம்பரம் சண்முகம் சாலையில் மூன்று மாடி ஜவுளிக்கடை; அதில் பட்டுப் பிரிவு. வாடிக்கையாளர் கைகாட்டும் புடவையை யூனிஃபார்ம் மேலேயே கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நின்று காட்ட வேண்டும். வந்தவர்கள் புடவையைப் பார்ப்பார்கள். ஜாஸ்மின் ஜாஸ்மினைப் பார்ப்பாள். அந்த அரை நிமிடம் கடையே மறைந்துவிடும். ஜிஎஸ்டி ரோட்டின் மேலே ஒரு பெரிய விளம்பரப் பலகை, அதில் அவளே நின்றுகொண்டு கீழே பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அவளைப் பார்த்துச் சிரிப்பாள்.

"இன்னாடி, நின்னுகினே தூங்கறியா? அந்த மாம்பழக் கலரை எடு" என்று சூப்பர்வைசர் ஹேமாவதி அக்கா அதட்டினால்தான் பலகையிலிருந்து இறங்குவாள்.

கனவு காணக் காரணமும் இருந்தது. கோவளத்தில் படகுகளுக்கு நடுவே நிற்கவைத்து அண்ணன் ஜெரோம் போனில் எடுத்த படங்களைப் பார்த்து, நுங்கம்பாக்கத்து மாடலிங் ஏஜென்சி ஒன்று அவளை நேரில் வரச் சொல்லியிருந்தது. போனாள். உயரம் அளந்தார்கள், பவுடர்கூட இல்லாமல் நாலு பக்கமும் படம் எடுத்தார்கள். கடைசியில் ஒரு பெண்மணி, "வெயிட் பண்ணுங்க, நாங்களே கூப்பிடுறோம்" என்றார். எப்போது என்று சொல்லவில்லை.

கடையில் காலையிலேயே எல்லோருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாட்டு வேளையில்தான் திரும்பக் கிடைக்கும். அதனால் ஏஜென்சிக்கு அம்மா செல்லம்மாவின் நம்பரைக் கொடுத்திருந்தாள். ஊரப்பாக்கத்து வீட்டில் பிளவுஸுக்கு ஹூக் தைத்துக்கொண்டே செல்லம்மா வந்த போனையெல்லாம் எடுத்தாள். லோன் வேண்டுமா என்று கேட்பவர்களிடம்கூட அவ்வளவு மரியாதையாகப் பேசினாள்.

ஆறு வாரம் ஓடிவிட்டது. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் வேளாங்கண்ணி மாதா சுரூபத்தின் முன்னால் ஜாஸ்மின் மண்டி போட்டாள். "என்னை எடுத்துக்க வெச்சிடு மாதாவே. என் முடியைக் கொடுத்துடறேன்." இடுப்பைத் தாண்டித் தொங்கும் முடி அது. அவ்வளவு பெரிய ஆசைக்கு மெழுகுவத்தி நேர்ந்துகொள்ள அவளுக்குக் கூச்சமாக இருந்தது. மொட்டைத் தலையை யார் படம் எடுப்பார்கள் என்று யோசிக்கவே இல்லை, பைத்தியக்காரப் பெண்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் கடை திணறிய ஒரு நாள், சாப்பாட்டு வேளையில் அம்மா கூப்பிட்டாள்.

"உன்னை எடுத்துக்கினாங்களாம். ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடணுமாம். மொதல்ல தலை எண்ணெய் விளம்பரமாம். அந்த ரெண்டு வருஷமும் முடியில கத்திரியே படக் கூடாதுன்னாங்க."

ஜாஸ்மின் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சந்தோஷம் தலைக்கு ஏறிய வேகத்திலேயே பின்னலை இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நான் மாதாவுக்கு முடி நேந்துகினேன்."

அந்தப் பக்கம் ஹூக் டப்பா கொட்டிய சத்தம் கேட்டது.

"உனக்கு வேற எதுவுமே கெடைக்கலியாடி?" என்றாள் செல்லம்மா. "நேந்துகினது நீ. நீயே போய்ப் பேசிக்க."

மறுநாள் லீவு சொல்லிவிட்டு மாதா கோயிலுக்குப் போனாள். பெஞ்சுகள் காலியாக இருந்தன. பஸ்ஸில் வரும்போது என்னென்னவோ சொல்லிப் பார்த்திருந்தாள். ஆனால் வாயில் வந்தது வேறு.

"கொஞ்சம் வெயிட் பண்ணு மாதாவே. நானே வரேன்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. இத்தனை வாரமாகத் தன்னை அரித்துத் தின்ற அதே பேச்சு. வெட்கம் பிடுங்கித் தின்றது, கண் நிறைந்துவிட்டது. எழுந்து வாசல்வரை வந்தவள் நின்றாள், திரும்பிப் போய் மறுபடி மண்டி போட்டாள். அவளுக்கு யாரும் நாள் சொல்லவில்லை. அவளாவது சொல்ல வேண்டாமா?

"ரெண்டு வருஷம் கழிச்சு, உன் திருவிழாக் கொடியேத்தத்தன்னிக்கு. காலையில மொத பஸ்ஸு" என்றாள்.