தேங்காய் நாரில் ஒட்டிய கருப்பு

அரூர்ப் பக்கம் ஒரு கரட்டுக் குன்றின் அடியில் பாறையைத் துளைத்து உலோகம் தேடும் முகாம் இருந்தது. துளையிலிருந்து மூங்கில் கழிப் பருமனில் கல் உருளைகள் வரும். அவற்றை ஆழ வரிசையில் மரப்பெட்டிகளில் அடுக்கிக் காவல் காப்பது தீர்த்தகிரியின் வேலை. நாலு வருடமாகத் தினக்கூலி. உலோகம் தேறினால் சுரங்கம் வரும், வேலை நிரந்தரமாகும் என்று நம்பியிருந்தார்.

1985 ஆயுத பூஜைக்கு அதிகாரி முகம்மது கவுஸ் ஊரில் இல்லை. ஏழாம் துளையின் கற்களை அவர் இன்னும் பார்க்கவில்லை. எஞ்சினைக் கழுவிப் பொட்டு வைத்த கையோடு, தீர்த்தகிரியும் மனைவி குள்ளம்மாளும் அந்தக் கற்களைச் சாம்பல் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தார்கள்.

"என்னாங்க, தோசைக்கல்லாட்டம் கருப்பு வுட்டுக்கிட்டே இருக்குது?"

"மிஷின் கிரீசு. நல்லா அழுத்தித் தேய். சார் பாத்தா அசந்துருவாரு."

திரும்பி வந்த கவுஸ், பூஜைக்கென்று குங்குமப் பொட்டும் வைத்திருந்த கற்களைப் பூதக்கண்ணாடியில் புரட்டிப் பார்த்தார்.

"விரிசல்ல பென்சில் கரியாட்டம் படிஞ்சிருக்கணும். நாம தேடறதே அதுதான். ஒண்ணும் காணமே! எப்படிக் கழுவினீங்க?"

"எப்பவும் போல தண்ணி ஊத்தித்தானுங்க."

"அப்ப இங்க நிறுத்திடலாம்னு எழுதிர வேண்டியதுதான். நாளன்னைக்கு அறிக்கை போவணும்."

அன்றிரவு, தாங்கள் தேய்த்த கருப்பு கிரீஸ் இல்லை என்று தீர்த்தகிரி மனைவியிடம் சொன்னார்.

"சார்கிட்ட சொன்னா இருக்கிற கூலியும் போயிருங்க," என்றாள் குள்ளம்மாள்.

"சொல்லாட்டி முகாமே போயிரும்டீ."

காலையில், வேலியோரம் வீசிய நாரைத் தேடி எடுத்துப் போய் மேஜையில் வைத்தார். நடந்ததைச் சொன்னார். கவுஸ் நாரை வெள்ளைத் தாளில் தேய்த்தார். பளபளவென்று கருங்கோடு விழுந்தது. முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது.

"இது எத்தனாவது அடியில இருந்துச்சு? எவ்ளோ இருந்துச்சு?"

"எல்லாத்தையும் ஒண்ணாத் தேச்சுட்டமுங்க."

"நாரைக் காட்டி இங்க சுரங்கம் போடுங்கன்னு கவர்மென்டுக்கு நான் சொல்ல முடியுமாய்யா?"

ஏழாம் துளையை நம்ப முடியாது, பக்கத்தில் மறுபடி துளைத்த பிறகே முடிவு செய்ய வேண்டும் என்று எழுதினார். கழுவியது யார் என்று எழுதவில்லை.

"மேல இருந்து கேட்டா நான் சொல்லித்தான் ஆவணும் தீர்த்தகிரி."

பொங்கல் தாண்டியும் பதில் இல்லை. துளை போடும் இயந்திரம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. பெட்டிகளில் குங்குமம் அழியவில்லை. ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் தீர்த்தகிரி எழுந்து நிற்பார். வருவது இயந்திரத்துக்கு டீசலா, தனக்கு நோட்டீசா என்று ஜீப் நிற்கும்வரை தெரியாது.