குரூப் போட்டோவில் இல்லாதவள்

நாகர்கோவிலில் ஒரு தனியார் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து எங்காவது போவோம். இந்த முறை வட்டக்கோட்டைக் கடற்கரையில் குப்பை பொறுக்கி, எறிபந்து விளையாடிவிட்டுத் திரும்புவதாகத் திட்டம்.

எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கிளம்பும் முன் மேனேஜர் தன் போனை என்னிடம் நீட்டி, "நீங்க எடுத்தாத்தான் நல்லா வரும்" என்றார். எங்கே போனாலும் போட்டோ எடுப்பது நான்தான். எடுத்துக் கொடுத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் வேனைக் காணோம்! என் கைப்பையும் போனும் அதற்குள். குப்பை மூட்டை ஒன்றைக்கூட விடவில்லை. என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கோட்டை வாசலில் கடையைக் கட்டிக்கொண்டிருந்த மாங்காய் விற்கும் அக்காதான், "அழாத மக்கா, இந்தா, வீட்டுக்குப் போன் போடு" என்று தன் போனைத் தந்தார். என் கணவர் நம்பர் மட்டும்தான் எனக்கு மனப்பாடம். அவர் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்ல, சுசீந்திரம் வரை போன வேன் திரும்பி வந்தது.

ஏறியதும் கத்திவிட்டேன். பக்கத்து மேசை ஸ்டெல்லா, "ஏட்டி, கோவப்படாத. குரூப் போட்டோவ வச்சு ஒவ்வொருத்தரா சரிபாத்தோம். அதுல உள்ள எல்லாரும் வேன்ல இருந்தாவ" என்றாள்.

இத்தனை வருடமாகக் கூட வேலை பார்க்கிறார்கள். அந்தப் போட்டோவை எடுத்தது யார் என்று ஒருவருக்குமா தோன்றவில்லை?

இப்போதெல்லாம் யாராவது போனை நீட்டினால், அதை வழியில் போகிறவர் கையில் கொடுத்துவிட்டு, நட்டநடுவில் போய் நின்றுகொள்கிறேன்.